அந்தக் கறுப்பு டப்பாவை மொதல்ல கழட்டுங்க!

கார் ஆடியோ கடைக்காரங்களுக்கும் எனக்கும் வாய்க்கா வரப்புத் தகராறு எதுவும் கிடையாதுங்க. மொதல்லயே சொல்லிடறேன். என் சண்டை முழுக்க முழுக்க ஒரு டப்பாவோட. தீப்பெட்டி சைஸ்ல ஆரம்பிச்சு சோப்பு டப்பா சைஸ் வரைக்கும் கிடைக்கும். கறுப்பா இருக்கும். ரெண்டு பக்கமும் வால் மாதிரி வயர் தொங்கும். நாய்ஸ் ஃபில்டர், நாய்ஸ் சப்ரஸர், கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு கடைக்கு ஒரு பேரு.

"அண்ணே, பாட்டு போட்டா பின்னாடி 'ஙொய்ய்ய்'னு ஒரு சத்தம் வருது, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா அதுவும் கூடவே சுருதி ஏறுது"ன்னு போய்ச் சொல்லிப் பாருங்க. பானெட்டைத் தூக்க மாட்டாங்க. டிக்கியைத் திறக்க மாட்டாங்க. டிராயரைத் திறப்பாங்க. டப்பா வரும். வயரை வெட்டி நடுவுல டப்பாவைச் சொருகி, மேல இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி, பில்லைப் போட்டுடுவாங்க. சத்தம் போச்சுன்னா நல்ல டப்பா. போகலைன்னா "இதைவிட காஸ்ட்லியா ஒண்ணு இருக்கு சார்". அதுவும் வேலைக்கு ஆகலைன்னா கடைசி அஸ்திரம்: "இது எல்லா வண்டியிலயும் வர்றதுதான் சார், பாட்டு ஓடும்போது கேக்காது".

இந்தக் கடைசி வசனத்தைக் கேட்டாத்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு எகிறும். எல்லா வண்டியிலயும் வருமா? கம்பெனியிலிருந்து வரும்போதே ஆம்ப்ளிஃபையர் வெச்சு வர்ற கார்கள் எத்தனையோ ஓடுது. அதுல எதுலயாவது 'ஙொய்ய்ய்' கேட்டிருக்கீங்களா? அதே ஆல்டர்னேட்டர், அதே 12 வோல்ட் பேட்டரி, அதே தகர பாடி. 2001-ல வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ்ல ஆடியோ பெட்டிகளுக்கு நடுவுல செம்புக் கம்பியையே எடுத்துட்டு பிளாஸ்டிக் ஆப்டிகல் ஃபைபர் போட்டுட்டாங்க. ஃபைபர்ல மின்சாரம் ஓடாது, அதனால அந்த வழியா எர்த் சத்தம் ஏறவே வழி இல்ல. அது பணக்காரன் வண்டி, விடுங்க. சாதா வண்டியிலகூட யோசிச்சு எர்த் கொடுத்தா சத்தம் வராது. வருதுன்னா யாரோ யோசிக்காமக் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். அவ்ளோதான்.

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, புரோகிராம் எக்செப்ஷன் அடிக்குது. என்ன எக்செப்ஷன், எந்த லைன்னு பாக்காம, எல்லாத்தையும் சுத்தி ஒரு டிரை கேட்ச் போட்டு, கேட்ச் உள்ள ஒண்ணுமே எழுதாம விட்டுடறோம். திரையில எர்ரர் வராது. கிளையண்ட் சந்தோஷமா போயிடுவான். உள்ள டேட்டாபேஸ் எரிஞ்சுகிட்டு இருக்கும். அந்தக் கறுப்பு டப்பா அப்படிப்பட்ட ஒரு காலி கேட்ச் பிளாக்.

உள்ள உண்மையிலேயே எரியுமான்னு கேக்கறீங்களா? எரியும். அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் பாத்துடலாம். கணக்குன்னா அலர்ஜி இருக்கறவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கலாம் :)

ஆல்டர்னேட்டர் (நம்ம மெக்கானிக் அண்ணன்கள் இன்னமும் டைனமோன்னுதான் சொல்றாங்க) பொறக்கும்போது குடுக்கறது ஏ.சி. மின்சாரம், அதுவும் மூணு ஃபேஸ். டயோடுங்க அதை டி.சி. ஆக்குது. ஆனா பேட்டரியிலிருந்து வர்ற மாதிரி வழவழன்னு இருக்காது, மேல சின்னச் சின்ன அலை இருக்கும். அந்த அலையோட வேகத்தைக் கணக்குப் போட்டா சுவாரசியமா இருக்கு. 12 துருவம், அதாவது 6 ஜோடி இருக்கற ஆல்டர்னேட்டர்னு வெச்சுக்கங்க. இஞ்சின் ஐடில்ல 800 சுத்து, புல்லி விகிதம் இரண்டரை. அப்போ ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 2,000 சுத்து, செகண்டுக்கு 33 சுத்து. 6 ஜோடிக்கு 200 ஹெர்ட்ஸ். மூணு ஃபேஸையும் டயோடு முழுசா மடிச்சுப் போடும்போது ஒவ்வொரு சுழற்சிக்கும் 6 மேடு வரும். ஆக 1,200 ஹெர்ட்ஸ். நீங்க 3,000 சுத்துக்கு மிதிச்சீங்கன்னா 4,500 ஹெர்ட்ஸ். மனுஷன் காது எந்த ஏரியாவுல ரொம்பக் கூர்மையா இருக்கோ சரியா அங்கதான் வந்து உக்காருது. கடவுளே திட்டம் போட்டுக் கடுப்பேத்தின மாதிரி இருக்கும்.

சரி, இந்த அலை பேட்டரி வயர்ல இருந்துட்டுப் போகட்டும், பாட்டுக்குள்ள எப்படி வருது? இங்கதான் மேட்டரே. முன்னாடி டேஷ்போர்டுல ஸ்டீரியோ. அதோட எர்த் அங்கேயே எங்கயோ பாடியில. பின்னாடி டிக்கியில ஆம்ப். அதோட எர்த் டிக்கித் தகட்டுல. ரெண்டுமே "நான் பூஜ்யம் வோல்ட்"னு சத்தியம் பண்ணும். ஆனா நடுவுல இருக்கற தகடு வழியாத்தான் ஹெட்லைட், ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாத்தோட மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பிப் போகுது. வழியில வெல்டு, போல்ட்டு, துரு. கொஞ்சம் கொஞ்சம் தடை. அதனால முன்னாடி இருக்கற பூஜ்யமும் பின்னாடி இருக்கற பூஜ்யமும் ஒண்ணு இல்ல. ரெண்டு சர்வர்ல கடிகாரம் ஒத்துப் போகாத மாதிரி. இந்த ரெண்டு பூஜ்யத்தையும் ஆர்.சி.ஏ. கேபிளோட வெளி உறை பிடிச்சு இணைக்குது. வித்தியாசம் எவ்வளவோ அது அப்படியே பாட்டோட சேந்துக்கும். இதுதான் கிரவுண்ட் லூப்.

வெறும் 5 மில்லிவோல்ட் வித்தியாசம்னு வைங்க. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தர்ற ஆம்ப்னா ஸ்பீக்கர்ல சுமார் 14 வோல்ட் வரும். அதுல கெயின் திருகாணியை 0.2 வோல்ட்ல வெச்சிருந்தா 70 மடங்கு பெருக்கல். 5 மில்லிவோல்ட் போய் 350 மில்லிவோல்ட்டா வரும், சிக்னல்ல நிக்கும்போது தாராளமா கேக்கும். அதே திருகாணியை 2 வோல்ட்டுக்குக் கொண்டு வந்து, ஸ்டீரியோ வால்யூமைக் கொஞ்சம் ஏத்திக்கிட்டா சத்தம் பத்துல ஒரு பங்கு ஆயிடும். செலவு பூஜ்யம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கெயின்ங்கறது வால்யூம் இல்லைங்க. ஸ்டீரியோ எவ்வளவு வோல்ட் அனுப்புதுன்னு ஆம்ப்புக்குச் சொல்ற இடம். ஆனா பொருத்துற தம்பி அதை முழுசா வலது பக்கம் திருகிட்டு "பவரு எப்படி சார்"னு கேப்பாரு. நம்மாளும் பூரிச்சுப் போவான்.

இப்போ கதைக்கு வருவோம். எங்க டீம்ல ஒரு நண்பர் பழைய ஹாட்ச்பேக் ஒண்ணு வாங்கி, ஒரு கடையில ஆம்ப்பும் சப்வூஃபரும் போட்டார். வீட்டுக்கு வர்ற வழியிலயே 'ஙொய்ய்ய்' ஆரம்பம். திரும்பப் போனார். ஸ்டீரியோவோட பவர் வயர்ல ஒரு டப்பா, 600 ரூபாய். சத்தம் அப்படியே இருந்துச்சு. ரெண்டாவது தடவை போனதுக்கு "உங்க கேபிள் சரியில்ல"ன்னு தங்க முலாம் போட்ட ஆர்.சி.ஏ. கேபிள், 1,800 ரூபாய். அப்பவும் சத்தம் இருந்துச்சு. மூணாவது தடவை ஆர்.சி.ஏ. கேபிள் நடுவுல வேற டைப் டப்பா. சத்தம் நின்னுடுச்சு! கூடவே பேஸும் நின்னுடுச்சு. ஏன்னா அந்த டப்பா உள்ள இருக்கறது ரெண்டு குட்டியூண்டு டிரான்ஸ்ஃபார்மர். அவ்ளோ சின்ன இரும்பால கீழ் ஸ்தாயி சத்தத்தைத் தாங்க முடியாது, நசுங்கிடும். சப்வூஃபருக்காகக் காசு போட்ட மனுஷனுக்கு பேஸ் இல்ல. கடைக்காரர் என்ன பண்ணினார் தெரியுமா? ஆம்ப்ல பேஸ் பூஸ்ட்டை முழுசா திருகி விட்டுட்டார். நோய்க்கு மருந்து, மருந்தால வந்த நோய்க்கு இன்னொரு மருந்து.

ரெண்டு மாசம் கழிச்சு வால்யூம் ஏத்தினாலே ஆம்ப் அணைய ஆரம்பிச்சுது. சிவப்பு லைட் எரியும், கொஞ்ச நேரம் கழிச்சு தானா வரும். "ஆம்ப் போயிடுச்சு சார், 9,000 ரூபாய்ல நல்ல ஐட்டம் ஒண்ணு இருக்கு". அப்பதான் என்கிட்ட வந்தார். வாரம் பூரா ஆணி புடுங்கினது போதாதுன்னு சனிக்கிழமை அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ரெண்டு பேரும் டிக்கிக்குள்ள தலையை விட்டோம்.

இஞ்சின் ஓடுது. பேட்டரி முனையில 14.0 வோல்ட். 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு ஆம்ப் முனையில அளந்தா 11.6. அப்போ 2.4 வோல்ட் வழியில காணாம போகுது. பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவுல 0.5. இது வயர் தரம் சரியில்லாததால. செம்புன்னு சொல்லி விக்கறது பாதிக்கு மேல அலுமினியத்துக்கு செம்பு முலாம் பூசினது, அதுக்குத் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு. சரி, சகிச்சுக்கலாம். ஆம்ப் மைனஸ்ஸுக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவுல? 1.9 வோல்ட்! ஒழுங்கான எர்த்ல இது 0.1 வோல்ட் பக்கத்துல இருந்தாலே அதிகம்.

கார்ப்பெட்டைத் தூக்கினோம். பெயிண்ட் மேலயே ஒரு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. லக் கூட இல்ல, கம்பியை முறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில சுத்தி விட்டிருக்காங்க. ஸ்க்ரூவோட மரை மட்டும்தான் தகட்டைத் தொடுது, அதுலயும் துரு. வயரோட தோல் பழுப்பு நிறமா மாறி, கார்ப்பெட்டோட அடிப்பக்கம் கருகின வாசனை. கிளாம்ப் மீட்டர் காட்டினது 25 ஆம்பியர். 1.9 வோல்ட் பெருக்கல் 25 ஆம்பியர், 47 வாட்டுக்கு மேல. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கற சாதா சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது கார்ப்பெட்டுக்கு அடியில ரெண்டு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி சொருகி வெச்ச மாதிரி. பக்கத்துலயே, பின் சீட்டுக்கு அடியில, பெட்ரோல் டேங்க். பின் சீட்ல வழக்கமா உக்கார்றது அவரோட ரெண்டு பசங்க.

அந்த 'ஙொய்ய்ய்' சத்தம்தான் மொதல் நாள்லேர்ந்து இதைச் சொல்லிகிட்டு இருந்துச்சு. "எர்த் சரியில்ல, எர்த் சரியில்ல"ன்னு வண்டி கத்துது. டப்பாவைப் போட்டு அதோட வாயை அடைச்சுட்டாங்க. அப்புறம் ஆம்ப்பே தன்னால அணைஞ்சு ரெண்டாவது எச்சரிக்கை குடுத்துச்சு. வோல்ட்டேஜ் கீழ போனா தன்னைக் காப்பாத்திக்க அணையற மாதிரிதான் அதைச் செஞ்சிருக்காங்க. அதுக்கும் கடையில கிடைச்ச பதில் என்ன? புது ஆம்ப் வாங்குங்க!

பானெட்டைத் திறந்தா அடுத்த அதிர்ச்சி. பேட்டரியிலிருந்து கிளம்பற சிவப்பு வயர்ல ஃபியூஸே இல்ல. டிக்கியில, ஆம்ப்புக்குப் பக்கத்துல போட்டிருக்காங்க! ஃபியூஸ் காப்பாத்த வேண்டியது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்கற நாலஞ்சு மீட்டர் வயரும் அனாதை. அது ஃபயர்வால் வழியா (நம்ம ஆபீஸ் ஃபயர்வால் இல்லைங்க, இஞ்சினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல இருக்கற தகடு) ஓட்டை போட்டு வருது, ஓட்டைக்கு ரப்பர் புஷ் கூட இல்ல. தகட்டு விளிம்பு ஒவ்வொரு குலுங்கலுக்கும் வயர் தோலைச் சீவும். ஒருநாள் செம்பு தகட்டைத் தொட்டா, இஞ்சினையே சுத்தி விடற பேட்டரி அது, நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயும். தடுக்க ஒண்ணுமே கிடையாது. பேட்டரியிலிருந்து ஒண்ணரை அடிக்குள்ள ஃபியூஸ் இருக்கணும்ங்கறது இந்தத் தொழிலோட அரிச்சுவடி.

சரி பண்ண ஆன செலவைக் கேட்டா சிரிப்பீங்க. உப்புத்தாளை வெச்சு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு பெயிண்ட்டைச் சுரண்டி, தகடு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, அரை மீட்டருக்குள்ள அதே தடிமன்ல ஒரு வயர், அழுத்தின லக், பல் வெச்ச வாஷர், போல்ட்டு நட்டு. இறுக்கினதுக்கு அப்புறம் மேல கொஞ்சம் கிரீஸ், துரு பிடிக்காம இருக்க. (சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீங்க, அது வேற உயிர் காக்கற சமாச்சாரம்.) பேட்டரி பக்கத்துல ஃபியூஸ், ஓட்டைக்கு ரப்பர் புஷ். எல்லாம் சேத்து 500 ரூபாய்க்குள்ள. மூணு டப்பா சமாச்சாரத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு பாட்டு போட்டா, சத்தம் இல்ல. பேஸ் திரும்பி வந்துடுச்சு. "செத்துப் போன" ஆம்ப் இன்னைக்கும் ஓடிகிட்டு இருக்கு.

இதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் தேவைப்படல பாருங்க. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கற மல்டி மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். கிட் பைசெக்ட் பண்ற மாதிரி பாதி பாதியா வெட்டிகிட்டே போகணும். இஞ்சினை அணைச்சு சாவியை மட்டும் போட்டு வைங்க. அப்பவும் சத்தம் இருந்தா ஆல்டர்னேட்டர் மேல பழி போடக் கூடாது. வால்யூமை பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. சத்தம் அப்படியே நிக்குதுன்னா அது வால்யூமைத் தாண்டி, ஆம்ப் பக்கத்துல உள்ள நுழையுது. வால்யூமோட சேந்து குறையுதுன்னா அதுக்கு முன்னாடியே, ஆன்டெனாவிலயோ ஆக்ஸ் வயர்லயோ நுழைஞ்சிருக்கு.

ஆம்ப் பக்கம்னு தெரிஞ்சா, எல்லாத்தையும் அணைச்சுட்டு (இது முக்கியம்) ஆம்ப்லேர்ந்து ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கிட்டு, உள் ஊசியையும் வெளி வளையத்தையும் ஒண்ணா இணைச்ச ஒரு பிளக்கைச் சொருகுங்க. பழைய பிளக்ல ஒரு துண்டு கம்பியை வெச்சு நாமளே பண்ணிக்கலாம். இப்பவும் சத்தம் வந்தா ஆம்ப்போட சொந்த எர்த்தோ பவரோ காரணம். நின்னுடுச்சுன்னா கேபிள், ஸ்டீரியோ பக்கம் போகணும். அங்க எனக்குப் பிடிச்ச டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ஒரு போனை, சார்ஜர்ல போடாம, நேரா ஆம்ப்ல கனெக்ட் பண்ணி பாட்டு போடுங்க. போனுக்கு எர்த்தே கிடையாது, அந்தரத்துல மிதக்குது, அதனால லூப்பும் கிடையாது. பாட்டு சுத்தமா வந்தா ஆம்ப் நிரபராதி.

எல்லாத்தையும் அணைச்சுட்டுன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. சில ஸ்டீரியோக்கள்ல ஆர்.சி.ஏ. வெளி வளையத்துக்கும் எர்த்துக்கும் நடுவுல தலைமுடி மாதிரி ஒரு ஃபியூஸோ பாதையோ இருக்கும். கரண்ட் இருக்கும்போது பிளக்கைச் சொருகினாலோ, ஆம்ப்போட எர்த் விட்டுப் போய் மொத்தக் கரண்டும் ஆர்.சி.ஏ. உறை வழியா திரும்ப முயற்சி பண்ணினாலோ அது பட்டுனு போயிடும். அன்னையிலேர்ந்து விடாம ஙொய்ய்ய். வளையத்துக்கும் ஸ்டீரியோ உடம்புக்கும் நடுவுல மீட்டரை வெச்சா ஒரு நொடியில தெரிஞ்சிடும். எந்தக் கடையிலயாவது இதைப் பாத்திருக்காங்களா? புது ஸ்டீரியோ வாங்கச் சொல்லுவாங்க.

ஆல்டர்னேட்டர் டயோடே போயிருந்தா பேட்டரி முனையில ஏ.சி. அளந்து பாக்கணும். சில பத்து மில்லிவோல்ட் இருந்தா கவலை இல்ல, அரை வோல்ட் பக்கம் போனா டயோடு மேல சந்தேகப்படலாம். ஒரு சின்ன எச்சரிக்கை. மலிவான மீட்டர் சிலதுல ஏ.சி. ரேஞ்ச்ல வெச்சு பேட்டரியைத் தொட்டா 28, 30 வோல்ட்னு காட்டும், டி.சி.யை வடிகட்டத் தெரியாம ரெண்டு மடங்காக்கிக் காட்டுது. பயந்து ஆல்டர்னேட்டரை மாத்திடாதீங்க. மீட்டர் வயர்ல ஒரு சின்ன கெப்பாசிட்டரைத் தொடரா போட்டுட்டு அளந்தீங்கன்னா உண்மை தெரியும்.

அடுத்த பூசை கேபிள் பக்தர்களுக்கு. மூணு அடுக்கு ஷீல்டு, ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, 24 காரட் முலாம்னு நகைக்கடை விளம்பரம் மாதிரி பேசுவாங்க. ஐயா சாமிகளா, கிரவுண்ட் லூப் கரண்ட் ஓடறதே அந்த ஷீல்டு வழியாத்தான். மூணு ஷீல்டு இல்ல, முப்பது போட்டாலும் ரெண்டு பூஜ்யமும் வேறயா இருக்கற வரைக்கும் சத்தம் வரும். "பவர் வயர் இடது பக்கம், சிக்னல் வயர் வலது பக்கம்"ங்கறது நல்ல பழக்கம்தான், மறுக்கல. ஆனா அதையே சாக்கா வெச்சு மொத்த வண்டியையும் பிரிச்சு மறுபடி வயர் இழுக்கறதுக்குக் கூலி கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு சாதா கேபிளை சீட் மேலயே தற்காலிகமா போட்டுப் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. சத்தம் அப்பவும் இருந்தா கேபிள் போற பாதை காரணம் இல்லன்னு ஆச்சு. இந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் யாரும் செலவழிக்க மாட்டேங்கறாங்க.

கடைக்காரங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இதையெல்லாம் கேட்டேன். "சார், ஒரு மணி நேரம் உக்காந்து செக் பண்ணி 'எர்த் லூசு, டைட் பண்ணிட்டேன், 800 ரூபாய் குடுங்க'ன்னா, ஸ்க்ரூ டைட் பண்றதுக்கு 800-ஆன்னு சண்டைக்கு வருவாங்க. அதே 800-க்கு டப்பா குடுத்தா சத்தமில்லாம வாங்கிட்டுப் போவாங்க"ன்னார். என்னால மறுக்க முடியல. நம்ம ஊர்ல கைக்குக் கிடைக்கற பொருளுக்குக் காசு குடுப்போம், தலைக்குள்ள இருக்கறதுக்குக் குடுக்க மாட்டோம். ரெண்டு நாள் தேடி ஒரு லைன் கோடு மாத்தி பக்கைச் சரி பண்ணினா "ஒரு லைனுக்கா ரெண்டு நாள்?"னு கேக்கற மேனேஜரைத் திட்டறோம். கடைக்குப் போனா நாமளே அந்த மேனேஜர் ஆயிடறோம். அதனால தேடிக் கண்டுபிடிக்கறதுக்குத் தனியா காசு கேக்கற கடை இருந்தா பேரம் பேசாம குடுங்க. நான் குடுப்பேன்.

ஆனா இந்த நியாயம் ஓரளவுக்குத்தான் செல்லுபடியாகும். பெயிண்ட்டைச் சுரண்டறதும், லக் போடறதும், பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் வெக்கறதும் தேடிக் கண்டுபிடிக்கற வேலை இல்ல. பொருத்தற வேலை. அதுக்கு ஏற்கெனவே கூலி வாங்கியாச்சு. பொருத்தி முடிச்சுட்டு மீட்டரை வெச்சு எர்த்ல எவ்வளவு வோல்ட் விழுதுன்னு பாக்கறது ரெண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யாம விட்டுட்டு, அதனால வந்த சத்தத்துக்கு டப்பா வித்தா அதுக்குப் பேரு வியாபாரம் இல்ல. அடுத்த தடவை வண்டியை விடும்போது "ஃபியூஸ் எங்க போடுவீங்க, எர்த் எங்க குடுப்பீங்க, முடிஞ்சதும் மீட்டர்ல காட்டுவீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க. மூணாவது கேள்விக்கு "மீட்டரா?"ன்னு முழிச்சா சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

டப்பாவுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. போனை கார் சாக்கெட்ல சார்ஜ் போட்டுட்டே ஆக்ஸ் வயர்ல பாட்டு கேட்டா சத்தம் வரும், அது அசல் கிரவுண்ட் லூப். சார்ஜரைப் பிடுங்கினா நின்னுடும். பிடுங்க முடியாதுன்னா அங்க அந்த ஐசோலேட்டர் டப்பா நியாயமான வைத்தியம், ஏன்னா அங்க மறைஞ்சு எரியறதுக்கு எதுவும் இல்ல. ப்ளூடூத் இருந்தா அதுவும் வேண்டாம். டேஷ்கேம் போட்டதும் எஃப்.எம். இரைஞ்சா அது எர்த் விவகாரமே இல்ல, மட்டமான சார்ஜர் காத்துல கக்கற குப்பை, வேற சார்ஜர் மாத்துங்க. எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு மாத்தினதுக்கு அப்புறம் ரேடியோ கரகரத்தாலும் அதே கதை. பழைய பெட்ரோல் வண்டியில ஏ.எம். ரேடியோ 'டக் டக்'னு அடிச்சா ஸ்பார்க் பிளக்கைப் பாருங்க. என்.ஜி.கே. பிளக் நம்பர்ல 'ஆர்'னு ஒரு எழுத்து இருந்தா உள்ள ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம், அது ரேடியோ சத்தத்தைக் குறைக்கத்தான். யாராவது விலை கம்மின்னு 'ஆர்' இல்லாத பிளக்கைப் போட்டிருப்பாங்க.

டிஸ்கி: மேல சொன்னதெல்லாம் சாதா 12 வோல்ட் சமாச்சாரம். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டியில ஆரஞ்சு கலர் வயரைக் கண்டா கையைப் பின்னாடி கட்டிக்கங்க, அதுல நூத்துக்கணக்குல வோல்ட் ஓடுது. டேஷ்போர்டைக் கழட்டும்போது மஞ்சள் கனெக்டர் தெரிஞ்சா அது ஏர்பேக். அதுல மீட்டர் முனையைக்கூட வெக்காதீங்க.